முதியோருக்கு உணவு கொடுக்க அரசு அங்கீகாரம்: அலையும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கும் தினமும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்னக் குழுக்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. நாலைந்து பெண்கள், ஒரு ஸ்கூட்டர், பத்திருபது டிபன் கேரியர், அவ்வளவுதான். இவர்களிடம் வந்து “அரசு அங்கீகாரம் வாங்கித் தருகிறேன், அப்புறம் மாதாமாதம் மானியம் வரும்” என்று சொல்லிப் பணம் பறித்துக்கொண்டு போகிறவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். கடைசியில் கையில் மிஞ்சுவது லேமினேட் செய்த ஒரு காகிதம். பல நேரம் அது ஆன்லைனில் இலவசமாக எடுக்கக்கூடிய உத்யம் பதிவாகவோ (சிறு தொழில்களுக்கானது) என்ஜிஓ தர்பன் எண்ணாகவோதான் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளத்தில் கிடைப்பது) இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் “முதியோர் உணவு வழங்குநர்” என்று தனியாக ஒரு அங்கீகாரம் கிடையாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு, அமைப்பின் பதிவு, வருமான வரிப் பதிவு, நலத் துறைப் பதிவு என்று தனித்தனிக் காகிதங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அலுவலகம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எந்தக் காகிதம் எதற்கு என்று தெரியாததால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள். “நாங்கள் இலவசமாகத்தானே கொடுக்கிறோம், எங்களுக்கு எதற்கு லைசென்ஸ்” என்று கேட்பவர்கள் அதிகம். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபத்துக்காகச் செய்தாலும் இல்லாவிட்டாலும் அது உணவுத் தொழில்தான் என்று சொல்கிறது. தர்மத்துக்குப் போடும் சோறும் அதற்குள் வரும். சின்ன அளவில் செய்பவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபோஸ்காஸ் என்ற இணையதளத்தில் எளிய பதிவு போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இந்த 100 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போகாதீர்கள், போட்டோவும் அடையாள அட்டையும் முகவரியும் இருந்தால் பக்கத்து இ-சேவைக் கடையிலேயே முடித்துவிடலாம்.

இதில் பெரும்பாலானோருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. சின்ன அளவிலான பதிவுக்கு விண்ணப்பித்தால் 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும். 7 நாளில் இந்த மூன்றில் எதுவும் நடக்காவிட்டாலோ, 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டாலோ, நீங்கள் வேலையைத் தொடங்கலாம் என்று விதிமுறையே சொல்கிறது. பின்னால் அவர்கள் ஏதாவது திருத்தம் சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். “அடுத்த வாரம் வாங்க, சார் லீவு” என்பதைக் கேட்டுக்கொண்டு அடுப்பை அணைத்து வைக்க வேண்டியதில்லை. விண்ணப்ப எண் உள்ள ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், அந்தச் சான்று சமையலறையில் இருக்க வேண்டும். அப்புறம் கேஸ். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் இந்தச் சமையலைச் செய்யக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். விலை அதிகம்தான், வயிறு எரிகிறது, ஆனாலும் ஒரு புகார் போனால் சிலிண்டரைப் பறிமுதல் செய்துவிடுவார்கள், அன்றைக்குப் பட்டினி கிடப்பது உங்கள் முதியவர்கள்தான்.

சரி, அடுத்தது அமைப்பு. டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகம். சங்கம் என்றால் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். சங்கம் ஆரம்பித்தவர்கள் பலர் அதோடு மறந்துவிடுகிறார்கள், ஆனால் வருடா வருடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டவர்கள் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “முதலில் புதுப்பித்துவிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள், அபராதமும் கட்ட வேண்டிவரும்.

எனக்குத் தெரிந்து ஆட்களை அதிகம் அலைய வைப்பது பெயர்தான். பத்திரத்தில் “அன்னை அறக்கட்டளை” என்று தமிழில் இருக்கும், பான் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல், பேங்க் பாஸ்புக்கில் இன்னொன்று, தர்பனில் நாலாவது. சேவையைப் பார்த்து அதிகாரிக்கு மனம் இளகியிருக்கலாம், கம்ப்யூட்டருக்கு இளகாது. பத்திரம் எழுதும்போதே ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதில் எழுதிவிடுங்கள், அதே எழுத்து பானில், வங்கியில், தர்பனில், ஃபோஸ்காஸில் இருக்கட்டும். நிர்வாகிகளின் ஆதாரில் உள்ள பெயரையும் சரிபாருங்கள். பத்திரத்தின் நோக்கப் பகுதியில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், உணவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். “பொதுச் சேவை” என்று மட்டும் எழுதிவிட்டுப் பிறகு திருத்தப் பத்திரம் போட ஓடியவர்கள் உண்டு.

வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்று எல்லோரும் சொல்லும் பதிவு வேண்டும். இது இல்லாமல் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை இல்லை, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவும் கிடைக்காது. புது அமைப்புக்கு முதலில் 3 வருடத் தற்காலிகப் பதிவு கொடுப்பார்கள். பொறி இங்கேதான். 3 வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சேவையைத் தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது அந்தப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போதே, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஆடிட்டர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மையம் நடத்துவதாக இருந்தால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்த 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம், மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்காமல் மறுக்கக் கூடாது. வாய்மொழியாக “இதெல்லாம் ஆகாதும்மா” என்றால் அது மறுப்பு இல்லை, எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள், சீல் போட மறுத்தால் டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் 90 நாளை எங்கிருந்து எண்ணுவது?

இன்னொரு எச்சரிக்கை. சாப்பிட வரும் முதியவர்களில் போக்கிடமில்லாத இரண்டு பேரை இரவும் தங்க வைத்தால், இரக்கத்தில்தான் செய்கிறீர்கள் என்றாலும், நீங்கள் முதியோர் இல்லம் நடத்துகிறவராக ஆகிவிடுகிறீர்கள். அதற்குச் சமூக நலத் துறையின் பதிவு தனி, கட்டட விதிகள் தனி. பதிவில்லாத இல்லம் என்று பெயர் வந்தால் சாப்பாடு போடுவதும் சேர்ந்து நின்றுபோகும்.

இனி மானியம். மத்திய அரசின் முதியோர் நலத் திட்டமான அடல் வயோ அப்யுதய் யோஜனா என்ற பெயரைத்தான் தரகர்கள் அதிகம் சொல்கிறார்கள். அதில் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் உண்டு, உண்மை. ஆனால் அது முக்கியமாக 25 பேர் தங்கும் முதியோர் இல்லம் போன்றவற்றுக்கான பணம். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோவதற்கு என்று தனித் தலைப்பு அதில் இல்லை. புது அமைப்புக்கும் கிடைக்காது, ஏற்கெனவே நடத்திய சேவைக்குத் தணிக்கை செய்த கணக்கு கேட்பார்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் இ-அனுதான் இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகும் மாநில அரசின் ஆய்வு அறிக்கையும் பரிந்துரையும் வந்தால்தான் கோப்பு டெல்லியில் நகரும். மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கிச் சமையலறை கட்டியவர்கள் வட்டி கட்ட முடியாமல் சேவையையே நிறுத்தியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பணம் வங்கிக் கணக்குக்கு வரும்வரை அது இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

பக்கத்தில் கிடைக்கக்கூடிய வாய்ப்பு என்றால் 2025-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த, முதியோருக்கான 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள். தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்கின்றன. உங்கள் ஊரில் மையம் இருந்தால் நடத்துபவர்களிடம் போய்ப் பேசலாம், புது அறிவிப்பு உண்டா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் அடிக்கடி கேட்கலாம்.

உங்களிடம் சாப்பிடுகிறவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் அருகிலுள்ள சத்துணவு மையத்தில் மதிய உணவு சாப்பிடலாம். அங்கே சாப்பிட்டால் மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாவிட்டால் 4 கிலோ. பலருக்கு இது தெரியவே தெரியாது, தெரிந்து போனவர்களையும் “இது பிள்ளைகளுக்கு” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நடக்க முடிந்தவர்களை அங்கே சேர்த்துவிட்டால், உங்கள் கேரியர் படுக்கையில் இருப்பவர்களுக்குப் போகும்.

எந்த அலுவலகத்தில் கோப்பு அசையாமல் கிடந்தாலும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் தரவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “இந்தத் தேதியில் கொடுத்த என் விண்ணப்பம் இன்று எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது, அவரிடம் எந்தத் தேதியில் வந்தது, கோப்பின் குறிப்புப் பக்க நகல் வேண்டும்” என்று கேளுங்கள்.