டிரெய்னி வேறு, அப்ரண்டிஸ் வேறு

ஓசூரில் ஒரு வருஷம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு, "சார், என்ஏசி சர்டிபிகேட்டை எங்கே வாங்கணும்?" என்று கேட்டு வருகிறார்கள். என்ஏசி என்பது அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், பயிற்சி முடித்தவருக்குத் தரும் தேசியச் சான்றிதழ். பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று ஊர்தான் மாறுகிறது. கையில் இருப்பது லேபர் கான்ட்ராக்டர் கொடுத்த 'டிரெய்னி' அட்டை. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகவே இல்லை. பதிவில்லாதவருக்கு எந்த என்ஏசியை வாங்கித் தருவது?

"கம்பெனிக்குள்ளே போயிட்டா போதும், மீதியை அவங்க பார்த்துக்குவாங்க" என்கிற நினைப்புதான் பையன்களைக் கெடுக்கிறது. யூனிபார்ம், கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு எல்லாம் இருக்கும். அதெல்லாம் ஒப்பந்தம் ஆகாது. டிரெய்னி, ஜூனியர் டிரெய்னி என்று கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கலாம். 1961 அப்ரண்டிஸ் சட்டம் சொல்கிற அப்ரண்டிஸ், ஒப்பந்தம் போட்டுப் பதிவானவர் மட்டும்தான். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் அப்பாவோ அம்மாவோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். ஐடிஐ முடித்தவருக்கு 2019 விதிப்படி மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, வேலை தரும் கட்டாயம் கம்பெனிக்கு இல்லை.

எனவே சேரும் முன்பே ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். "அப்புறம் தர்றோம்" என்றால் பதிவாகும்வரை சேராதீர்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்து வையுங்கள். உதவித்தொகையில் அரசின் பங்கு நேராகக் கணக்குக்குத்தான் வருகிறது.

ஐடிஐ நடத்துபவர்களும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது. கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். மாணவர் எந்த வாரம் எந்த மெஷினில் நிற்பார் என்று சூப்பர்வைசரோடு உட்கார்ந்து எழுதுவதில்லை. விளைவு, ஃபிட்டர் பையன் ஆறு மாதம் பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு) எடுத்துக்கொண்டும் பெட்டி அடுக்கிக்கொண்டும் இருப்பான். ஒரு உதாரணம்: வரைபடத்தில் 25 எச்7 என்று குறித்த துளையின் விட்டம் 25.000 முதல் 25.021 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. உள்ள வெர்னியரிலேயே பழகியவனுக்கு அந்த இடைவெளி முழுதும் ஒரே ஒரு கோடு. கம்பெனியில் துளையைச் சோதிக்கும் பிளக் கேஜைக் கொடுத்தால், கோ முனை உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டு, போகவே கூடாத நோ-கோ முனையைத் திருப்பிப் பார்க்காமலே 'ஓகே' என்பான். தவறு அவனுடையதல்ல, அனுப்பும் முன் இரண்டு வாரம் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ், பிளக் கேஜ் இரண்டையும் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

ஹெச்.ஆர். நண்பர்களே, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது சட்டக் கடமை. அந்தக் கணக்கில் டிரெய்னிகளைக் காட்ட முடியாது.

கடைசியாக லாக் புக், அதாவது அப்ரண்டிஸ் எழுதும் தினசரி வேலைக் குறிப்பேடு. பன்னிரண்டு மாதப் பக்கங்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே நாளில் எழுதியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தயவுசெய்து அன்றன்று எழுதுங்கள் தம்பி. செய்த வேலை, மெஷின், பிடித்த அளவு என மூன்று வரி போதும். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன் சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.