புல்லும் வளையும்: யாழ்ப்பாணத்து வீடுகளில் கினிப்பன்றியும் ஹம்ஸ்டரும்

சிரிய ஹம்ஸ்டரின் கர்ப்பகாலம் 16 நாள்தான். ஈன்ற குட்டிக்கு மயிர் இருக்காது, கண்ணும் மூடியிருக்கும். கினிப்பன்றி 2 மாதத்துக்கும் மேலாகச் சுமக்கிறது. அதன் குட்டி மயிரோடும் பல்லோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது, சில மணி நேரத்தில் ஓடுகிறது, ஓரிரு நாளிலேயே புல்லைக் கடித்துப் பார்க்கிறது. ஹம்ஸ்டர் நிலத்துக்குள் வளை தோண்டி ஒளிந்து பிழைக்கும் பிராணி. கினிப்பன்றி திறந்த வெளியில் கூட்டமாக மேய்ந்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்பும் பிராணி. கடையில் இரண்டும் அடுத்தடுத்த கூட்டில், ஒரே மரச்சீவல் மேல், ஒரே தானியத்தைத் தின்றுகொண்டிருக்கும். வாங்குபவரும் வீட்டில் அதையே தொடர்கிறார். அநேகமான சாவுகளுக்குக் காரணம் இதுதான்.

கினிப்பன்றியை அந்தீஸ் மலை மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மனிதரோடு அது நன்றாகப் பழகியிருப்பது அதனால்தான். சிரிய ஹம்ஸ்டரோ 1930 இல் அலெப்போவுக்கு அருகே விலங்கியலாளர் இஸ்ரயேல் அஹரோனி தோண்டியெடுப்பித்த ஒரு தாயினதும் குட்டிகளினதும் வழி வந்தது. வீட்டுக்குள் வந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. கினிப்பன்றி ஒரு கிலோ அளவுக்கு வளர்ந்து 5 முதல் 8 ஆண்டு வாழும். ஹம்ஸ்டர் 100 முதல் 150 கிராம்தான் இருக்கும், ஆயுளும் 2 அல்லது 3 ஆண்டுதான்.

உணவை விளங்கிக்கொள்ளப் பல்லைப் பார்க்க வேண்டும். ஹம்ஸ்டரின் 16 பற்களில் முன்பற்கள் மட்டுமே வாழ்நாள் முழுவதும் வளரும். கினிப்பன்றிக்கு 20 பற்களும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி மணிக்கணக்காக அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். தானியத்தையும் குளிகைத் தீனியையும் அது இப்படி அரைப்பதில்லை, சிலமுறை நொறுக்கி விழுங்கிவிடும். தேயாத கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சாய்ந்து நாக்கின்மேல் பாலம் போல மூடிவிடும். உணவு முன்னால் இருந்தும் விழுங்க முடியாமல் வாயூறி வடிய நிற்கும் கினிப்பன்றிக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அதனால் அதன் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவே இருக்க வேண்டும், இரவும் பகலும் கூட்டில் புல் குறையக்கூடாது.

குடாநாட்டில் புல்லுக்குப் பஞ்சமில்லை. கினிப்புல் ஒழுங்கையோரமெல்லாம் நிற்கிறது, அறுகம்புல் வளவிலேயே கிடக்கிறது. பூக்குமுன் வெட்டுங்கள், முற்றிய தண்டில் சத்துக் குறைவு. காலைப் பனி உலர்ந்த பிறகு வெட்டி, குவிக்காமல் பரப்பி வையுங்கள். ஈரப்புல் குவியலில் சூடேறிப் புளிக்கும், அதைத் தின்றால் வயிறு ஊதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் சேமித்து வைப்பது நல்லது. பூஞ்சை மணக்கும் புல்லை எறிந்துவிடுங்கள். வைக்கோல் கொறிக்கவும் படுக்கவும் உதவும், ஆனால் முக்கிய உணவாக்குமளவுக்கு அதில் சத்தில்லை. புகையிலை, வெங்காயத் தோட்ட வரம்புப் புல்லை வெட்டவே வேண்டாம், அதில் பூச்சிமருந்து படிந்திருக்கும். தோட்டத்தில் கழித்துவிடும் வெங்காயத்தாளும் இரு பிராணிகளுக்கும் நஞ்சு.

ஆட்டுக்குப் போடும் குழை எல்லாம் கினிப்பன்றிக்கும் ஏற்கும் என்று எண்ணுவதும் ஆபத்து. ஆட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பல நஞ்சுகளை உடைத்துவிடும். கினிப்பன்றிக்கு அந்த இரைப்பை இல்லை. அதன் நொதிப்பறை குடலின் பின்பகுதியில் இருக்கிறது, அங்கே போய்ச் சேருமுன் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையை மத்திய அமெரிக்காவில் எலிக்கு நஞ்சாகவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இப்பில் இப்பில் மரத்தின் இலையில் உள்ள மிமோசின் என்ற நஞ்சு மயிரை உதிரச் செய்யும். இந்த இரண்டையும் கூட்டுப் பக்கமே கொண்டுவரக்கூடாது.

அடுத்தது உயிர்ச்சத்து சி. ஹம்ஸ்டரின் ஈரல் அதைக் குளுக்கோசிலிருந்து தானே செய்துகொள்ளும். கினிப்பன்றிக்கு அந்தத் தொடரின் கடைசி நொதியம் இல்லை. மனிதருக்கும் அதே நொதியம்தான் இல்லை. 1907 இல் நோர்வேயின் ஹோல்ஸ்ட்டும் ஃபுரோலிச்சும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல, உயிர்ச்சத்து சி குறைவதால் வரும் ஸ்கேவி. சோறும் தவிடும் கோழித்தீனும் மட்டும் போடும் வீட்டிலும் இதேதான் நடக்கிறது. சில வாரங்களுக்குள் மயிர் கரடுமுரடாகும், மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும், தூக்கினால் வலியில் கத்தும்.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, சினையாக இருந்தால் மேல் அளவு. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் 10 முதல் 15 கிராம், அதாவது விதை நீக்கிய ஒரு சிறு துண்டு, ஒரு நாளுக்குப் போதும். கொய்யா கிடைக்காத நாளில் குடைமிளகாய் 20 அல்லது 30 கிராம் கொடுக்கலாம். தண்ணீரில் மருந்துத்துளி கலப்பதில் பயன் குறைவு. ஒளியிலும் வெப்பத்திலும் சில மணி நேரத்திலேயே அது சிதையும், சுவை பிடிக்காமல் பிராணி தண்ணீரையே குறைத்துவிடவும் கூடும். குளிகைத் தீனியில் சேர்த்த சியும் எங்கள் வெக்கையில் வேகமாகக் குறைந்துபோகும், அதனால் உற்பத்தித் திகதியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

முருங்கையிலையில் சி நிறைய உண்டு, ஆனால் கல்சியமும் நிறைய. கினிப்பன்றியின் குடல் உணவிலுள்ள கல்சியத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். சிறுநீர் காய்ந்த இடம் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான், அதற்குப் பயப்படத் தேவையில்லை. மணல் போல நறநறத்தாலோ இரத்தம் கலந்தாலோ கல் உருவாகியிருக்கலாம். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்குவது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுவது எல்லோருக்கும் தெரியும். கினிப்பன்றிக்கு வடிகட்டிய நீரோ, கொதித்து ஆறித் தெளிந்த நீரோ கொடுங்கள். முருங்கையிலை வாரத்துக்கு ஒரு சிறு நெட்டு போதும். தண்ணீர்ப் போத்தலின் குழாயிலுள்ள குண்டும் இந்தச் சுண்ணாம்பால் இறுகிவிடும். போத்தல் நிறைந்திருக்க, பிராணி தாகத்தில் கிடக்கும். தினமும் குண்டை விரலால் தட்டிப் பாருங்கள், வாரம் ஒருமுறை குழாயைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

ஹம்ஸ்டருக்கு உணவு கொடுப்பது எளிது. குரக்கன், தினை, சாமை, உலர்ந்த பயறு கலந்து நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவித்த முட்டையில் சுண்டுவிரல் நுனியளவு, கொஞ்சம் கரட் அல்லது வெள்ளரி. ஒட்டும் உணவும் கூரான உமியும் கன்னப்பையைப் புண்ணாக்கும். தின்றது போக மீதியை வளைக்குள் பதுக்கும், ஈரமான காய் அங்கே அழுகினால் எறும்பு தேடி வரும். அடுத்த காலையே அதை எடுத்துவிடுங்கள். கூட்டின் கால்களைத் தண்ணீர் விட்ட பேணிகளில் நிறுத்துவது அவசியம், புதிதாகப் பிறந்த குட்டிகளை எறும்பு ஒரே இரவில் கொன்றுவிடும்.

இனி வெக்கை. யாழ்ப்பாணத்தில் கினிப்பன்றி வளர்ப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியது இதை வைத்துத்தான். அதற்கு உகந்தது 18 முதல் 24 பாகை. 27, 28 பாகையைத் தாண்டினால் ஆபத்து தொடங்கும், காற்றில் ஈரப்பதன் கூடினால் இன்னும் கெடுதி. சித்திரையில் எங்கள் பகல் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கினிப்பன்றி வியர்ப்பதில்லை, நாயைப் போல மூச்சிரைத்துக் குளிரவும் அதனால் முடியாது. காதுகள், பாதங்கள் வழியாக இழக்கும் வெப்பமே அதற்குத் துணை. மின்விசிறி மனிதருக்குச் சுகம் தருவது வியர்வையை உலர்த்துவதால். வியர்க்காத பிராணிமேல் 34 பாகைக் காற்றை வீசினால் குளிர்ச்சி மிகக் குறைவு. விசிறியை அறையின் சூடான காற்றை வெளியே தள்ளும்படி திருப்பிவைப்பதே பயன்.

அஸ்பெஸ்டஸ் அல்லது தகரக் கூரைக்குக் கீழும் மாடியறையிலும் வைக்க வேண்டாம். ஓட்டு வீட்டின் தரையோடு ஒட்டிய மூலையோ, நாள் முழுக்க நிழல் விழும் விராந்தையோ பொருத்தம். சோளகம் வீசும் மாதங்களில் அந்தக் காற்று நுழையும் பக்கம் நல்லது, வாடைக்கும் மாரி மழைக்கும் அந்த இடத்தை மாற்ற வேண்டியிருக்கும். படுத்துக் குளிர இரண்டு தரையோடுகளும், ஈரம் படாதபடி துணி சுற்றிய உறைந்த தண்ணீர்ப் போத்தலும் வையுங்கள். போத்தலைச் சில மணிக்கொருமுறை மாற்ற வேண்டும். பகலில் அதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால், குளிரூட்டிய அறையும் இல்லையென்றால், கினிப்பன்றி வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. பக்கவாட்டில் சரிந்து கிடந்து வேகமாக மூச்சுவிட்டு வாயூறினால் வெப்பத் தாக்கம். உடனே குளிர்ந்த இடத்துக்கு எடுத்து, காதையும் பாதங்களையும் சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஐஸ் வேண்டாம், அது தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

ஹம்ஸ்டருக்கும் வெக்கை ஆகாது, ஆனால் அதற்கு வளை என்ற தப்பும் வழி உண்டு. 25 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தூசி இல்லாத மரச்சீவலும் கடதாசித் துண்டும் நிரப்பி, அடியில் வாய் அகன்ற சிறு மண்முட்டி ஒன்றைச் சாய்த்துப் புதைத்தால் பகல் முழுவதும் அங்கே உறங்கும். மரக்காலையின் பொடித்தூளைத் தவிருங்கள், மூச்சுக்குழாயைப் பாதிக்கும். மெத்தென்றிருக்கும் என்று இலவம்பஞ்சு வைப்பதும் தவறு, நார் காலில் சுற்றி இறுகும், விழுங்கினால் குடலை அடைக்கும். கூடு 100க்கு 50 சென்ரிமீற்றர், ஓடும் சக்கரம் 28 சென்ரிமீற்றர் விட்டம், கம்பியில்லாத மூடிய தளம். சிறிய சக்கரம் முதுகெலும்பை வளைக்கும். மணல்குளியலுக்குக் கடற்கரை மணல் எடுத்தால் உப்புப் போகும்வரை கழுவி, வறுத்து, ஆறவிட்டே போடுங்கள்.

சிரிய ஹம்ஸ்டர் தனியாகவே வாழ வேண்டும். 8 வாரத்துக்குப் பிறகு இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும், உடன்பிறந்தவை என்றாலும் அப்படித்தான். கினிப்பன்றி தனியாக இருந்தால் வாடும், குறைந்தது இரண்டு பெண்களையாவது சேர்த்து 120க்கு 60 சென்ரிமீற்றர் தரையுள்ள கூட்டில் விடுங்கள். கம்பிவலைத் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். முயலோடும் சேர்க்க வேண்டாம். முயலிடம் அமைதியாக இருக்கும் போர்டெடெல்லா என்ற பக்டீரியா கினிப்பன்றிக்கு நியூமோனியாவைத் தரும். ஆண் குட்டிகளை 3 வாரத்திலேயே பிரியுங்கள். 6, 7 மாதத்துக்குள் முதல் ஈற்று காணாத பெண்ணின் இடுப்பெலும்பு மூட்டு இறுகிவிடும், அதன்பின் சினைப்பட்டால் குட்டி வெளிவராமல் தாயும் சாகும்.

நோய் வந்தால் வீட்டில் மீதமிருக்கும் அமொக்சிசிலினைக் கொடுக்கவே கூடாது. வாய்வழி போகும் பெனிசிலின் வகை மருந்துகள் இரண்டினதும் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு சுரக்கும் குளொஸ்திரிடியத்துக்கு இடம் விட்டுவிடும். கால்நடை வைத்தியர் பெரும்பாலும் மாடும் ஆடும் பார்ப்பவராக இருந்தால், மருந்தெழுதுமுன் இதை நீங்களே நினைவூட்டுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள், பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காத்திருக்காமல் காட்ட வேண்டும். கினிப்பன்றி அரை நாள் தின்னாமல் இருந்தாலே அவசர நிலை. வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை, ஊறவைத்து மசித்த குளிகைத் தீனியை ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னப் பக்கமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஹம்ஸ்டரின் வாலடி நனைந்து நாற்றம் வீசினால் அது கடும் வயிற்றோட்டம். புதிதாக வாங்கிய இளங்குட்டிகளுக்கே பெரும்பாலும் வரும், இரண்டு நாளுக்குள் உயிர் போகக்கூடும். அதனால் வைத்தியரிடம் அன்றைக்கே போக வேண்டும்.