கரண்டு வைப்பதா, கதிர் வைப்பதா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் புற்றுநோய் வந்த வீடுகளில் ‘கதிர்வீச்சு சிகிச்சை’ என்று சொல்பவர்கள் குறைவு. “அத்தைக்குக் கோயமுத்தூர்ல இருவத்தஞ்சு கரண்டு வெச்சாங்க” என்பார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: “கரண்டு வெச்சா ஒடம்பெல்லாம் பரவீரும்ங்கறாங்களே, நெசமுங்களா?”

இந்தப் பயத்தில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தோட்டத்து மோட்டாரில் ஷாக் அடித்தால் உடம்பு முழுக்கப் பாயும். கரண்டு என்றதும் மனதில் வருவது அதுதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் நோயாளியின் உடம்புக்குள் மின்சாரமே போவதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம் எலக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு உலோகத்தில் மோதவைக்கிறது. அதில் பிறக்கும் எக்ஸ் கதிர், குறித்த இடத்துச் செல்களின் டிஎன்ஏவை அறுக்கிறது.

ரேடியேஷன் என்ற சொல் லத்தீன் ‘ராடியஸ்’ என்பதிலிருந்து வந்தது. சக்கரத்தின் ஆரக்காலுக்கு அந்தப் பெயர், ஒளிக்கதிருக்கும் அதுவே. நம்முடைய ‘கதிர்’ சூரியனுக்கும் உண்டு, சோளத்துக்கும் உண்டு. நேராக நீண்டு வருவது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. அதனால் ‘வைப்பது’ என்ற நம் ஊர் வினையை அப்படியே வைத்துக்கொண்டு ‘கதிர் வைப்பது’ என்று சொல்லலாம். எழுதும்போது கதிர்வீச்சு சிகிச்சை.

‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று எல்லாவற்றையும் எழுதுவது சரியல்ல. கதிரியக்கம் என்பது ஒரு பொருள் தானாகவே கதிரை உமிழும் குணம். லீனியர் ஆக்சிலரேட்டரை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தவர் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். தைராய்டு புற்றுக்குக் கொடுக்கும் அயோடின்-131 வேறு வகை. அதுதான் உண்மையில் கதிரியக்க மருந்து. அது ரத்தத்தோடு போய், பரவிய தைராய்டு செல்களையும் தேடி அழிக்கும். அதைச் சாப்பிட்டவர்தான் சில நாள் தனியே இருக்க வேண்டும். பிராக்கிதெரபியில் வரும் ‘பிராக்கிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் ‘குறுகிய’ என்று பொருள், இங்கே குறுகிய தூரம்; தமிழில் ‘அண்மைக் கதிர் சிகிச்சை’. கருப்பைவாய்ப் புற்றில் கதிர்ப்பொருளைக் கட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள்.

சரி, பரவுமா? மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிய 10,801 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. பத்து ஆண்டுகளில் நோய் அதே இடத்திலோ வேறிடத்திலோ திரும்பியது, கதிர் வைக்காதவர்களில் 35 சதவீதம், வைத்தவர்களில் 19.3 சதவீதம். ஊரில் சொல்வதற்கு இது நேர் எதிர். சிகிச்சைக்குப் பிறகு கல்லீரலிலோ எலும்பிலோ தெரியும் புற்று, பெரும்பாலும் முன்பே கண்ணுக்குத் தெரியாத அளவில் போய்ச் சேர்ந்ததுதான். அப்புறம் ஸ்கேனில் தெரிகிறது. பழி கரண்டின் மேல் விழுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில், செல்லைக் கொல்லப் போதாத அளவு எக்ஸ் கதிர் பட்டபோது சில புற்றுச் செல்களின் நகரும் தன்மை கூடியதைக் கண்டிருக்கிறார்கள். எக்ஸ் கதிருக்குப் பதிலாக, மின்னூட்டம் ஏற்றிய கார்பன் அணுக்களைப் பாய்ச்சும் கார்பன் அயனிக் கதிர் அதைக் குறைத்ததும் உண்டு. ஆனால் அது தட்டில் வளர்த்த செல்களின் கதை. அதைக் கேட்டு நல்ல சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். இடையில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பெருகும்.

இதற்கு நேர்மாறான அதிசயமும் உண்டு. ஓரிடத்தில் கதிர் வைக்க, கதிரே படாத வேறிடத்துக் கட்டி சுருங்குவது. 1953இல் மோல் என்ற ஆய்வாளர் இதற்கு ‘அப்ஸ்கோபல்’ என்று பெயர் வைத்தார். லத்தீன் ‘அப்’, விலகி. கிரேக்க ‘ஸ்கோபோஸ்’, இலக்கு. ‘இலக்கு கடந்த விளைவு’ என்று தமிழில் சொல்லலாம். கதிரில் சிதைந்த செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டு, மற்ற இடங்களிலும் தாக்குவதால் இது நடக்கிறது என்று கருதுகிறார்கள். மிக அரிதானது. நோயெதிர்ப்பு மருந்துகளோடு சேர்த்து அதை வரவழைக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.