ஏல விலை குறைந்தால் மட்டும் முதலீடு வந்துவிடுமா?

கடன் தரும் வங்கிகளின் சார்பில் மின் கொள்முதல் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது என் தொழில். அண்மையில் ஒரு வரைவு வந்தது. சூரியமின் நிலையம், 25 ஆண்டு ஒப்பந்தம். உற்பத்தியாளர் தாமதித்தால் என்ன அபராதம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வாங்குபவர் பணம் தராவிட்டால்? ஒரே வரி: ‘இரு தரப்பும் கலந்து பேசித் தீர்த்துக்கொள்ளும்.’ இந்த வரியை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. எத்தனை முறை அடித்துத் திருப்பி அனுப்பினாலும் வேறொரு நாட்டின் வரைவில் அதே வரி மறுபடி வந்து நிற்கிறது.

வெயிலுக்கு விலையில்லை, சோலார் தகடுகளும் மலிந்துவிட்டன, இலக்கை அறிவித்து, குறைந்த விலைக்கு மின்சாரம் தருபவருக்கே ஒப்பந்தம் என்று ஏலம் விட்டால் தனியார் முதலீடு தானாக வரும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். எரிபொருள் செலவு இல்லை என்பது உண்மை. அதனாலேயே ஏறக்குறைய மொத்தச் செலவும் தொடக்கத்திலேயே வந்து விழுகிறது. அனல்மின் நிலையம் எரிக்க எரிக்க நிலக்கரி வாங்கிக்கொள்ளலாம். இங்கே 25 ஆண்டு மின்சாரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கடன் வாங்கிப் போட வேண்டும். ஆகவே யூனிட் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது வட்டி. வளரும் நாடுகளில் மூலதனம் திரட்ட ஆகும் இந்தச் செலவு வளர்ந்த நாடுகளைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது என்று சர்வதேச எரிசக்தி முகமை திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. போட்ட பணம் திரும்புமா என்ற சந்தேகத்துக்கு வங்கி வைக்கும் விலை அது.

சந்தேகம் காரணமில்லாமல் வருவதில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 2019இல் ஆட்சி மாறியதும், ஏற்கெனவே கையெழுத்தான காற்றாலை, சூரியமின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க அரசு முனைந்தது. ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கடன் தவணைகள் அதுவரை காத்திருக்கவில்லை.

‘மின்பாதை பிறகு வரும்’ என்பவர்கள் கென்யாவின் துர்க்கானா ஏரிக் காற்றாலைத் திட்டத்தைப் பார்க்கட்டும். 365 காற்றாலைகள், 310 மெகாவாட். 2017இலேயே எல்லாம் தயார். லோயங்கலானியிலிருந்து சுஸ்வா வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மின்பாதைதான் இல்லை. அந்தப் பணியை எடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் நொடித்துப்போயிருந்தது. 2018 செப்டம்பரில்தான் இணைப்பு கிடைத்தது. கைக்கு வராத மின்சாரத்துக்காக ஒப்பந்தப்படி கென்யா இழப்பீடு தர வேண்டியதாயிற்று. இழப்பீட்டுப் பிரிவைத் திட்டுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அப்படியொரு பிரிவு இல்லாவிட்டால் கடன் கொடுக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். வியட்நாம் 2017இல் சூரியமின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் கொள்முதல் விலை அறிவித்து, 2019 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கும் நிலையங்களுக்கே அது என்று கெடு வைத்தது. நிலையங்கள் குவிந்தன, நின் துவான், பின் துவான் மாகாணங்களின் மின்பாதைகள் தாங்கவில்லை. கட்டிய நிலையங்களே உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது.

அதிகாரிகளே, மின்பாதைக்குப் பணியாணை தராமல் ஏலம் விடாதீர்கள். சில மாத பில்லுக்கு ஈடான வங்கி உத்தரவாதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தகராறு எந்த நடுவர் மன்றத்துக்குப் போகும், எத்தனை நாளில் முடியும் என்பதையும் எழுதுங்கள். வருமானம் உள்நாட்டு நாணயத்தில், கடன் டாலரில் என்றால் நாணயம் சரியும்போது நஷ்டம் யாருடையது? அதை மௌனமாக விட்டுவிடாதீர்கள். மின் மானியம் அறிவிக்கும் அரசு, அந்தத் தொகையை, மின்சாரத்தை வாங்கி வீடுகளுக்குத் தரும் பகிர்மான நிறுவனத்துக்குத் தவறாமல் செலுத்தட்டும். உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய நிலுவை பெருகுவதற்கு அந்தத் தொகை வராததும் ஒரு பெரிய காரணம்.

செய்தியாளர்களிடம் பணிவான ஒரு வேண்டுகோள். ‘வரலாறு காணாத குறைந்த விலை’ என்று ஏலத்தன்று தலைப்பு போடுகிறீர்கள். ஓராண்டு கழித்து அதே திட்டத்தைத் தேடிப் போங்கள். கடன் கிடைத்ததா, வேலை தொடங்கியதா என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும் அதே அளவு பெரிதாக வெளியிடுங்கள்.