யாருக்குச் சொல்லலாம், யாரிடம் கேட்கலாம்?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் 78 வயது அம்மா ஒருவர். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இதயத் துடிப்புச் சீரில்லாததால் அவர் வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தார். இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. கிழமைக்கு ஒரு நாள் தாதியாக நான் போவேன். குளிக்க வார்க்கவும் உடுப்பு மாற்றவும் வேறொரு நிறுவனத்திலிருந்து ஒரு பராமரிப்புப் பணியாளர், நாங்கள் பிஎஸ்டபிள்யூ என்று சொல்கிறவர், தினமும் காலையில் வருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குச் சலக்கடுப்பு வந்தது. குடும்ப வைத்தியரைப் பிடிக்க முடியாமல், முன்பதிவில்லாத ஒரு கிளினிக்குக்குப் போய் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கியிருக்கிறார். வழக்கமான மருந்தகம் தூரம் என்பதால் கிளினிக்குக்குக் கீழே இருந்த கடையில் எடுத்திருக்கிறார். அந்தக் கடைக்காரருக்கு வார்ஃபரின் பற்றித் தெரியாது. சில நுண்ணுயிர்க்கொல்லிகள் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். சேர்த்து எடுத்தால் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கலாம்.

திங்கட்கிழமை குளிக்க வார்க்கும்போது, அம்மாவின் தொடையும் முழங்கையும் நீலமாகக் கன்றிப் போயிருந்ததை அந்தப் பணியாளர் பார்த்துவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. அன்றைக்கே தன் மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளரிடம் என் தொலைபேசி எண் இருந்தது. ஆனால் நான் வேறு நிறுவனத்தின் தாதி. "இது பிரைவசி விசயம், வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாது" என்று நினைத்து, குறிப்பில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். வியாழக்கிழமை நான் போனபோது அம்மா எழும்ப முடியாமல் கிடந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்த வைத்தியர் சில விநாடிகள் ஒன்றும் பேசவில்லை.

அம்மா பிழைத்துவிட்டார். அந்த மேற்பார்வையாளர் மீது எனக்குக் கோபம் இருந்தது, பிறகு போய்விட்டது. அவர் சோம்பேறி இல்லை, சட்டத்துக்குப் பயந்தவர். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடம் கேட்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக வீடு வீடாகப் போன நான் இப்போது ஒரு சமூக சுகாதார நிலையத்தில் தனியுரிமைத் தொடர்பாளராக, அதாவது இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவராக, இருப்பதற்கு அந்த வியாழக்கிழமைதான் காரணம்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்று தனிச் சட்டம் உண்டு. தனிப்பட்ட சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2004. அந்த வருடம் நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லும் சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிகிச்சை தருகிறவர்களுக்குள் தகவல் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. வைத்தியர், தாதி, மருந்தாளர், ஆய்வுகூடம், மருத்துவமனை, வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஆகியோர் ஒருவருக்குச் சிகிச்சை தருவதற்காகத் தங்களுக்குள் தகவலைப் பரிமாறும்போது, அவருடைய சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கத் தேவையில்லை. நோயாளி தானாக "வேண்டாம்" என்று சொல்லாதவரை இது செல்லும். இதைத்தான் எங்கள் துறையில் பராமரிப்பு வட்டம் என்கிறோம். சட்டத்தைத் தேடிப் படித்தால் அந்தச் சொற்றொடர் அதில் இருக்காது. ஆனால் மாகாணத் தனியுரிமை ஆணையரின் அலுவலகமே வழிகாட்டிகளில் அதைப் பயன்படுத்துகிறது.

ஆக, அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் அது சட்ட மீறலே இல்லை.

வட்டத்துக்குள் யார் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை தருகிறவர், காப்புறுதி நிறுவனம், கோயில் ஐயர், பாதிரியார், குடியேற்ற உதவி அலுவலர், பக்கத்து வீட்டு அக்கா. இவர்களில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பொதுவாக நோயாளி வாய்விட்டோ எழுத்திலோ வெளிப்படையாகச் சம்மதம் தர வேண்டும். அதேபோல் வட்டத்துக்குள் இருப்பவருக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட முடியாது. அந்த வேலைக்குத் தேவையான அளவுதான். கால் புண்ணுக்கு மருந்து கட்ட வருகிறவருக்குச் சர்க்கரை அளவு தெரிய வேண்டும். இருபது வருடத்துக்கு முந்திய விவாகரத்துக் கதை எதற்கு?

இனித் தொடர்பாளர் பற்றி. சுகாதாரத் தகவலை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தொடர்பாளரை நியமித்தே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தனியாகக் கிளினிக் நடத்தும் வைத்தியர் வேறொருவரை நியமிக்கலாம், அல்லது அந்த வேலையைத் தானே செய்யலாம். ஊழியர்களுக்கு அவர்களுடைய கடமைகளைச் சொல்லிக்கொடுப்பது, பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, கோப்பைப் பார்க்கவோ திருத்தவோ கேட்பவர்களுக்கு உதவுவது, முறைப்பாட்டை ஏற்பது எல்லாம் அவருடைய வேலை. அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பது எல்லோருக்கும் தெரியும்படி எழுத்தில் இருக்க வேண்டும் என்று அடுத்த பிரிவே சொல்கிறது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் காகிதம் பெரும்பாலும் அதுதான். அதை யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பதவியை எடுத்ததும் நான் முதலில் செய்த வேலை ஒரு பட்டியல் தயாரித்தது. எங்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும் மற்ற நிறுவனங்கள், அவர்கள் போகும் மருந்தகங்கள், குடும்ப வைத்தியர்களின் கிளினிக்குகள், ஒவ்வொன்றிலும் தொடர்பாளர் யார், நேரடி எண் என்ன, அவர் விடுமுறையில் போனால் யார். அழைத்துக் கேட்டபோது சில இடங்களில் வரவேற்பில் இருந்தவருக்கே தெரியவில்லை. ஒரு இடத்தில் வேலையை விட்டுப் போனவரின் பெயரே இன்னும் சுவரில் இருந்தது. இரண்டு கிழமைக்கு மேல் பிடித்த வேலை. ஆனால் அதற்குப் பிறகு, "இதைச் சொல்லலாமா" என்று குழம்பும் ஒரு பணியாளர் என்னிடம் கேட்கிறார், நான் அங்கே இருக்கும் என் சகாவிடம் கேட்கிறேன், பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. முன்பு அந்தக் குழப்பம் நாலு நாள் குறிப்பேட்டில் கிடந்தது.

நோயாளிகளுக்கு அதிகம் தெரியாத உரிமை ஒன்று உண்டு. பூட்டுப் பெட்டி என்று அதைச் சொல்வோம். "என்னுடைய இந்தத் தகவல் இன்னாருக்குப் போகக் கூடாது" என்று நீங்கள் சொன்னால் அதை நாங்கள் மதிக்க வேண்டும். எங்கள் சமூகத்துக்கு இது எவ்வளவு தேவை என்பதை ஒரு சம்பவம் எனக்குக் காட்டியது.

மன அழுத்தத்துக்கு நீண்ட நாளாக மருந்து எடுக்கும் ஒரு பெண். அவருக்கு உதவிக்கு வந்த பணியாளர் அவருடைய சொந்த ஊர்க்காரி. அம்மம்மா காலத்திலிருந்தே இரண்டு குடும்பத்துக்கும் பழக்கம். முதல் நாள் அந்தப் பணியாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் மருந்துப் பெட்டியை எடுத்து உடுப்பு அலுமாரிக்குள் ஒளித்துவிட்டார். பிறகு இரவில் மருந்து எடுக்க மறந்தார், பிறகு நிறுத்தியே விட்டார். என்னிடம் சொன்னபோது அழுதார். "தங்கச்சி, எனக்கு என்ன வருத்தமெண்டு ஊருக்குத் தெரிஞ்சா மகளின்ரை கலியாணம் என்னாகும்?"

பணியாளரை மாற்றலாம் என்றேன், வேண்டாம் என்றார். மாற்றினால் ஏன் என்று கேள்வி வருமாம். சரி, வேறு வழி பார்த்தோம். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அந்தப் பணியாளர் பார்க்கும் குறிப்புக்குப் போகாமல் பூட்டினோம். அவருக்குப் போனது இரண்டே வரி: இரவு எட்டு மணிக்குப் பிளிஸ்டர் பொதியிலிருந்து மருந்து எடுத்தாரா என்று பார்க்கவும். மருந்து தூக்கம் வரச் செய்யும், படியில் கவனம். வேலைக்கு அது போதும். மருந்தாளருக்கும் குடும்ப வைத்தியருக்கும் முழு விவரமும் போக வேண்டியதன் காரணத்தை விளக்கினேன். புரிந்துகொண்டு சம்மதித்தார்.

இப்படிப் பூட்டிய பிறகு இன்னொரு சிகிச்சையாளருக்குத் தகவல் அனுப்பும்போது, அவருக்குத் தேவையான ஏதாவது விடுபட்டிருந்தால் "இதில் முழு விவரமும் இல்லை" என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. மேலும் எதுவும் வேண்டுமென்றால் அவர் நோயாளியிடமே கேட்கலாம். யாருக்காவது கடுமையான உடல் தீங்கு நேரும் ஆபத்து இருக்கிறது, அதைத் தடுக்கத் தகவலைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நியாயமான காரணத்தோடு நம்பினால், அப்போது பூட்டைத் தாண்டிச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அந்த முடிவை நான் தனியாக எடுப்பதில்லை. என்ன நடந்தது, ஏன் சொன்னோம் என்று அன்றைக்கே எழுதி வைப்போம்.

அப்புறம் பிள்ளைகள். எனக்கு அதிகம் அழைப்பு வருவது இதைப் பற்றித்தான். "நான் மகன், அம்மான்ரை ரிப்போட் எனக்குத் தரவேணும்." அம்மாவுக்கு நினைவும் தெளிவும் இருந்தால் முடிவு அம்மாவுடையது. மூத்த மகன் என்பதாலோ, வீட்டு வாடகையைக் கட்டுபவர் என்பதாலோ உரிமை வந்துவிடாது. தனிப்பட்ட பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரம் கையில் இருந்தாலும், அம்மா தானாக முடிவெடுக்க முடியாத நிலை வந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். இதைச் சொன்னால் மகன்மாருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் இருக்கும் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் சில அம்மாமார் என் கையைப் பிடித்து, "மூத்தவனுக்குச் சொல்லாதேங்கோ பிள்ளை, அவன் தாங்கமாட்டான்" என்று கேட்டதும் எனக்குத் தெரியும். அதனால் முதல் சந்திப்பிலேயே, மற்றவர்களைக் கொஞ்ச நேரம் வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, உங்கள் விசயத்தை யார் யாருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லலாம், எதைக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

வெளியில் அனுப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மருமகளோ பேரனோ மொழிபெயர்த்தால் பல கேள்விகளுக்குப் பதிலே வராது. கணவன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க, "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா" என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது? மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், தொலைபேசியிலும் கிடைப்பார்கள். அவருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு.

சக பணியாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடமிருந்து தகவல் கெட்ட எண்ணத்தோடு வெளியே போனதை நான் அதிகம் கண்டதில்லை. அக்கறையோடுதான் போகிறது. கலியாண மண்டபத்தில் பத்துப் பேர் நிற்கும்போது, "அன்ரி, இப்ப சுகர் எப்படி?" என்று கேட்பது. ஒன்றுவிட்ட அண்ணா மருத்துவமனையில் என்று கேள்விப்பட்டு, பார்ப்போமே என்று கணினியில் அவருடைய கோப்பைத் திறப்பது. புண்ணைப் படம் எடுத்து வைபர் குழுவில் போட்டு, "இதுக்கு என்ன கட்டுறது?" என்று கேட்பது. மின்னணுக் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு இருக்கும். அதை நாங்கள் பார்க்கிறோம். வேண்டுமென்றே சட்டத்தை மீறி வழக்கில் குற்றம் நிரூபணமானால் தனிநபருக்கு 2,00,000 டொலர் வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 2024 ஜனவரி முதல், வழக்குக்குப் போகாமலே தனிநபருக்கு 50,000 டொலர் வரையும் நிறுவனத்துக்கு 5,00,000 டொலர் வரையும் ஆணையரே விதிக்க முடியும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அண்ணாவின் கோப்பைத் திறந்த அந்தப் பிள்ளை வேலையை இழந்து என் முன்னால் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

தொலைநகல் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. தவறான எண்ணுக்குப் போகும் தொலைநகல்தான் பல வருடங்களாக அதிக மீறல்களுக்குக் காரணம். எண்ணை இரண்டாம் தரம் பாருங்கள். தவறிப்போனால் மறைக்காமல் உடனே தொடர்பாளரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு முடிந்த அளவு விரைவில் அறிவிக்க வேண்டும், அவர் ஆணையரிடம் முறையிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கோப்பை நீங்களே பார்க்க விரும்பினால் அந்தத் தொடர்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், சில சந்தர்ப்பங்களில் இன்னொரு 30 நாள் நீட்டலாம். பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம்.

அந்த வார்ஃபரின் அம்மாவிடம் நான் இன்னும் போய்வருகிறேன், வேலையாக இல்லை, தேத்தண்ணி குடிக்க. அவருடைய குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. தாதி, பராமரிப்பு நிறுவனம், மருந்தகம், குடும்ப வைத்தியர், ஒவ்வொரு இடத்துத் தொடர்பாளரின் பெயரும் எண்ணும் தமிழில். மேலே சிவப்பில், வார்ஃபரின். கீழே அவரே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சின்ன மகளுக்கு எல்லாம் சொல்லலாம். பெரியவனுக்கு ஆஸ்பத்திரியில் போட்டால் மட்டும்."