ஒளியால் ஆன சாமணம்

சின்ன வயதில் திருகோணமலையில் எனக்கு மலேரியா வந்தது. வீட்டில் இருந்த போர்வை எல்லாவற்றையும் அம்மா போர்த்திவிட்டும் பல் கிட்டியது. விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் தேய்த்துக்கொண்டு போனார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சொட்டுக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கான விடையில் ஒரு பகுதி லேசரால் கிடைத்தது.

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நிலாவெளிக் கடற்கரையில், வெயில் நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று கீழே பாருங்கள். மணலில் ஒளிக்கோடுகள் வலைபோல அசையும். அலையின் வளைவு, வில்லை போல வெயிலை மடக்கிக் குவிக்கிறது. மடக்கிய பொருளை ஒளியும் பதிலுக்குத் தள்ளும், ஏனென்றால் ஒளிக்கு உந்தம், அதாவது மோதினால் தள்ளும் தன்மை, உண்டு. அந்தத் தள்ளல் கடலுக்கு உறைக்காது. ஆனால் சில மைக்ரோமீற்றர் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள கண்ணாடி மணிக்கு அது பெரிய விசை.

நுணுக்குக்காட்டி வில்லையால் லேசரை ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். மணி நடுவிலிருந்து இடப்பக்கம் விலகியது என்று வைப்போம். அதன் வலப்பாதியில்தான் இப்போது ஒளி அதிகம். மணி அந்த ஒளியை இடப்பக்கம் மடக்குகிறது. அதனால் மணி வலப்பக்கம், நடுவை நோக்கி, நகர்கிறது. வள்ளத்தில் இருந்தபடி தடியால் கரையைத் தள்ளினால் வள்ளம் எதிர்ப்பக்கம் போகுமே, அதே கணக்குத்தான். ஒளியை நன்றாக ஒடுக்கிக் குவித்தால் மணி முன்பின்னாகவும் நழுவாது. சாமணத்தால் பிடித்தது போல நிற்கும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஆஷ்கினும் கூட்டாளிகளும் 1986இல் இதைச் செய்து காட்டினார்கள். அடுத்து பாக்டீரியாவைப் பிடித்தபோது பச்சை லேசர் அதைக் கொன்றுவிட்டது. சரி என்று அகச்சிவப்புக்கு மாறினார்கள். பிடிக்குள்ளேயே அது பெருகியது. 2018இல் நோபல் பரிசு வந்தபோது ஆஷ்கினுக்கு வயது 96.

இனி அந்தச் சொட்டு இரத்தத்துக்கு வருவோம். சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷின் குழு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இரத்தச் செங்குழியத்தின் இரு ஓரங்களிலும் நுண்மணி ஒட்டியது. ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருக்க, மற்றதை லேசர் இழுத்தது. நல்ல செங்குழியம் ரப்பர் போல நீண்டது. முதிர்ந்த மலேரியா ஒட்டுண்ணி புகுந்தது பத்து மடங்கு வரை விறைத்திருந்தது.

செங்குழியம் சுமார் 8 மைக்ரோமீற்றர் அகலம். அதைவிட ஒடுக்கமான மயிர்க்குழாய்களில் அது மடிந்துதான் போகவேண்டும். விறைத்தது மடியாது. குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் இரத்தத்தை மறிக்கும். அந்த அடைப்பு மூளையில் நடந்தால் உயிருக்கே ஆபத்து.