கழுகின் அலகும் பிரசங்கியின் நாக்கும்

பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் சங்கீதம் 103-ஐ எடுத்துப் பிரசங்கித்தேன். ஐந்தாம் வசனத்தில் "கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது" என்று வருகிறது இல்லையா, அந்த இடத்தில் கழுகுக் கதையைச் சொன்னேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கழுகு எழுபது வருடம் வாழுமாம், நாற்பதாவது வயதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துவிடுமாம், உடனே அது மலை உச்சிக்குப் போய்ப் பாறையில் அலகை மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் அதைக்கொண்டு நகங்களைப் பிடுங்கி, புது நகம் வந்ததும் இறகுகளைப் பிடுங்கி, 150 நாள் கழித்துப் புதுப் பறவையாகப் பறக்குமாம். சபை அசையாமல் கேட்டது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூர ஒரு திருப்தி.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "ஐயா, அலகு இல்லாம அந்த 150 நாளும் அது எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "ஆண்டவர் பார்த்துக்குவார் தம்பி" என்று சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கதையில் ஒரு வரிகூட உண்மையில்லை. கழுகின் அலகின் மேலுறை நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது, வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பது. அலகு அடியோடு உடைந்தால் இரையைக் கிழிக்க முடியாமல் பறவை செத்துப்போகும். காட்டில் பெரும்பாலான கழுகுகள் எழுபது வயதைப் பார்ப்பதே இல்லை, இருபது முப்பது வருடம் வாழ்ந்தாலே அதிகம். இறகுகளை அது பிடுங்குவதும் கிடையாது. அவை பறப்பதற்கு இடைஞ்சல் இல்லாதபடி ஒன்றிரண்டாக உதிர்ந்து, அந்த இடத்தில் புதிது முளைக்கும்.

பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். வசனத்தையே நான் கெடுத்திருந்தேன். அந்த வசனத்தின் முதல் பாதி "நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார்" என்பது. வாய் நிறையும் என்று சொல்கிற வசனத்துக்கு, வாயை உடைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற பறவையை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். தேவன் செய்வதைப் பாடுகிற சங்கீதத்தை, நீயே உன்னை வருத்திப் புதிதாக்கிக்கொள் என்று மாற்றிவிட்டது என் கதை. பறந்துகொண்டே இருக்கும்போது, அதற்கே தெரியாமல் இறகு புதிதாகிறது என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் வசனத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

இப்போது வேதாகமக் கல்லூரி ஒன்றில் பிரசங்கம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் பிரசங்கித்துக் காட்டுவதைக் கேட்டுத் திருத்துவதுதான் பாதி வேலை. அதில் நான் அதிகம் திருத்துவது வேத விளக்கத்தை அல்ல, கதைகளைத்தான். சூரியன் நின்றதாக வேதம் சொல்லும் யோசுவா காலத்தில் காணாமல்போன ஒரு நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்று இன்னும் ஒருவராவது வருடந்தோறும் சொல்கிறார். அந்தக் கதை கணினிக்கும் நாசாவுக்கும் முந்தியது, டாட்டன் என்ற அமெரிக்கர் 1890-லேயே இப்படி ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். தவிர, கோள்கள் இன்று இருக்கும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு போகிற எந்தக் கணினிக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பழைய பதிவு இல்லாமல், நடுவில் ஒரு நாள் விடுபட்டது தெரியவே வராது. கடவுள் இல்லை என்ற பேராசிரியரைக் கேள்வி கேட்டு மடக்கிய மாணவன் ஐன்ஸ்டீன் என்பதும் அப்படித்தான், ஆதாரம் ஒன்றும் இல்லை.

எனக்கு அதிக வருத்தம் தருவது ஊசிக் காது. பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அதற்குச் சொல்லும் விளக்கம். எருசலேமில் "ஊசிக் காது" என்று ஒரு சிறிய வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவைத்து முழங்கால் போட்டால்தான் நுழையுமாம், அதுபோலப் பணக்காரன் தன்னைத் தாழ்த்தினால் பரலோகம் போகலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இயேசு காலத்து எருசலேமில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்பதை விடுங்கள், மத்தேயு 19-ஐ இன்னும் இரண்டு வசனம் கீழே படித்தால் போதும். "அப்படியானால், யார் ரட்சிக்கப்படக்கூடும்" என்று சீஷர்கள் திகைக்கிறார்கள், அதற்கு ஆண்டவர் மனுஷரால் இது கூடாது, தேவனால் எல்லாம் கூடும் என்கிறார். முழங்கால் போட்டு நுழைந்துவிடலாம் என்றால் அவர்கள் ஏன் திகைக்க வேண்டும்? கூடாது என்று அவர் சொன்னதை, கஷ்டப்பட்டால் கூடும் என்று நாம் திருத்திச் சொல்கிறோம், அதுவும் ஒரு கதையைக் கொண்டு.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே குட்டையில் ஊறியவன்தான். வாரம் முழுவதும் வீடு சந்திப்பு, மருத்துவமனை, கமிட்டி, யாரோ ஒருவரின் சண்டை என்று ஓடிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு "விசுவாசம் பற்றிய கதை" என்று தேட உட்கார்ந்தால் ஃபார்வர்டுதான் கிடைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு வந்துவிட்டன, உருக்கமான உண்மைச் சம்பவம் ஒன்று கொடு என்று கேட்டால் இல்லாத ஆளுக்குப் பெயரும் வயதும் வைத்து அழகாகக் கொடுத்துவிடும். மேடையில் நின்று "இது உண்மையாக நடந்தது" என்று நாம் சொல்லும்போது, அதே வாயால்தான் அடுத்த நிமிஷம் "அவர் உயிர்த்தெழுந்தார்" என்றும் சொல்கிறோம். கழுகு பொய் என்று கூகுளில் பார்த்துவிட்ட பிள்ளை மற்றதையும் சந்தேகிக்கும்போது அவனை எப்படிக் குறை சொல்வது?

கற்பனைக் கதை சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் சொன்ன உவமைகளை யாரும் செய்தி என்று நினைக்கவில்லை. கதையைக் கதை என்று தெரியும்படி சொன்னால் பிரச்சினையே இல்லை. "நாத்தான் தாவீதிடம் உண்மைபோலத்தானே சொன்னார்?" என்று ஒரு மாணவர் என்னிடம் மல்லுக்கு நின்றார். நல்ல கேள்வி. தாவீது ராஜா அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையை நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் சொன்ன இடம் அது. ஆனால் நாத்தான் அந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதற்குள் "நீயே அந்த மனுஷன்" என்று திரையை விலக்கிவிட்டார், அப்புறம் அந்தக் கதை, கேட்கிற தாவீது ஒருகாலத்தில் மேய்ப்பனாக இருந்தவர் என்று அறிந்து, அவருக்கென்றே ஆட்டுக்குட்டியை வைத்துச் செய்யப்பட்டது. நம் கதைகள் யாருக்காகவும் செய்யப்பட்டவை அல்ல, எல்லாருக்கும் அனுப்பப்பட்டவை.

சில நேரம் மேடைக் கதையைவிட நடந்தது பெரியதாக இருக்கும். நயாகராவின் மேல் கயிறு கட்டி நடந்த பிளாண்டின் கதை எல்லாப் பிரசங்கியும் சொல்வது. தள்ளுவண்டியில் ஆளை வைத்து நான் போவேன் என்று நம்புகிறீர்களா என்று அவர் கேட்க, கூட்டம் ஆமாம் என்று கத்த, அப்படியானால் யார் ஏறுகிறீர்கள் என்றதும் எல்லாரும் கப்சிப். நம்புவதாகச் சொல்கிறவர்கள் ஏறமாட்டார்கள் என்று முடிப்போம். தள்ளுவண்டி தள்ளியது உண்மை. ஆனால் 1859 ஆகஸ்டில் அவர் தன் மேலாளர் ஹாரி கோல்கார்டை முதுகில் சுமந்துகொண்டு அந்தக் கயிற்றைக் கடந்தார் என்பதும் உண்மைதானே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? ஏறாத கூட்டத்தைத் திட்டுவது நமக்குச் சுலபம். ஏறிய ஒரு மனுஷன் இருந்தான், அவன் அந்த நடக்கிறவரோடு தினமும் வேலை செய்தவன் என்பதை நினைத்துப் பாருங்கள், விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முழுப் பிரசங்கமே அதில் இருக்கிறது.

சரி, கதைக்கு எங்கே போவது? ஆண்டவர் எதையெல்லாம் பார்த்திருக்கிறார் என்று ஒருமுறை சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடுகிற பெண். மாவில் புளிப்பை அடக்கிவைக்கிற பெண். சந்தையில் குழல் ஊதி விளையாடி, நீங்கள் கூத்தாடவில்லையே என்று கோபித்துக்கொள்ளும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் சண்டையை அவர் நின்று கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வசனம் அவ்வளவு உயிரோடு வராது. நாம் அந்த இடத்தைக் கடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டதை நாலு வரிக்குள் எழுதுவேன், அதற்கு அர்த்தம் எழுதமாட்டேன். இதில் மட்டும் பிடிவாதம். பார்த்தவுடனே பாடம் கற்பிக்கத் தொடங்கினால் பார்த்தது பாதி மறைந்துவிடும். ஒருநாள் காத்திருக்கும் அறையில், நடை பழகுகிற குழந்தை ஒன்று தொப்பென்று விழுந்தது. உடனே அழவில்லை. தலையைத் திருப்பி முதலில் அம்மாவின் முகத்தைத் தேடியது. அம்மா பதறவில்லை, சும்மா சிரித்தார், அதுவும் எழுந்து நடந்துவிட்டது. இவ்வளவுதான், எழுதி வைத்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அது நோட்டில் சும்மா கிடந்தது. அப்புறம் சங்கீதம் 123 பிரசங்கிக்க வேண்டிய வாரம், எஜமாட்டியின் கையை நோக்கியிருக்கும் வேலைக்காரியின் கண்களைப் படித்தபோது அந்தக் குழந்தையின் முகம் தானாக வந்து நின்றது. மேடையில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து அறுவை சிகிச்சைக்குப் போகும் ஒரு பெரியவர், "நான் முகத்தைப் பாத்துட்டேன் ஐயா" என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை.

கதை வசனத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நல்ல கதை கிடைத்துவிட்டதே என்று அதற்கு வசனம் தேடினால் கழுகிடம்தான் போய் நிற்போம்.

இனி சொல்லப்போவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுங்கள் என்று சொன்னால், சில போதகர்கள் அடுத்தவர்களின் அன்றாட வாழ்க்கையை எடுத்துவிடுகிறார்கள். நானும் செய்தேன். கடனில் சிக்கித் தற்கொலைவரை யோசித்து மீண்ட ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர்" என்று சொன்னேன். அவர் பார்த்த வேலையைக்கூட மாற்றித்தான் சொன்னேன். எண்பது பேர் இருக்கிற சபையில் அது என்ன மறைப்பு! மூன்றாவது வரிசை திரும்பி ஐந்தாவது வரிசையைப் பார்த்தது. அவர் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பல மாதம் கழித்து அவர் மனைவி, "ஜெபிக்கத்தானே ஐயா உங்ககிட்ட சொன்னோம்" என்றார். அதைவிடப் பெரிய விமரிசனத்தை நான் இதுவரை வாங்கவில்லை. அவரைத் தவிர எத்தனை பேர் அன்றைக்கு, இவரிடம் நம் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று மனதுக்குள் முடிவுசெய்திருப்பார்கள் என்பது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அதற்குப் பிறகு அனுமதி கேட்காமல் யாருடைய கதையையும் சொல்வதில்லை. அதையும் ஞாயிறு காலையில் வாசலில் வைத்துக் கேட்பதில்லை, போதகர் நேரில் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாரத்தின் நடுவில், சொல்லப்போகும் வார்த்தைகளையே எழுதி அனுப்பி, வேண்டாம் என்றால் பதிலே போட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பதில் வராவிட்டால் கதை இல்லை. இறந்தவர் கதையென்றால் குடும்பத்தைக் கேட்பேன். இன்று ஆராதனை நேரலையில் போகிறது, காணொளி வருடக்கணக்கில் கிடக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வீட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, "அப்பா, இனிமே என்னைப் பத்திச் சொல்லாதீங்க, கிளாஸ்ல கேலி பண்றாங்க" என்றாள். அதுவரை அவளைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை! ஜெபக்கூட்டத்தில் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் வீட்டு விஷயங்கள் வெளியே வருவதும் இதே ரகம்தான்.

பேரிடர்களை உதாரணமாக்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தது அன்றைய செய்தி, லூக்கா 13-இல் ஆண்டவர் அதை எடுத்துப் பேசுகிறார். ஆனால் செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். விபத்தில் போனவர்களை வைத்துத் தீர்ப்பு சொல்கிற பிரசங்கத்தை அவர் பெயரில் எப்படிச் செய்கிறோமோ.

சிறுவர் பிரசங்கத்தில் பலூன், கறுப்பு மை, தீக்குச்சி எல்லாம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிறு பிள்ளைகள் உருவகத்தை உருவகமாக எடுத்துக்கொள்வதில்லை, உன் இதயம் கறுப்பு என்றால் வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் திறந்து பார்க்கும் பிள்ளை உண்டு. பாடல்களுக்கு நடுவில் எட்டு நிமிஷம் அனுபவம் சொல்கிற ஆராதனைத் தலைவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆராதனையில் அன்றாடக் கதைகள் இடம்பெற வேண்டிய நேரம், பிறருக்காக வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு ஜெபம். "வேலை செய்கிறவர்களை ஆசீர்வதியும்" என்பதற்குப் பதில், இப்போது இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் ஆலயத்துக்கு வந்திருக்கும் செவிலியருக்காக, பிள்ளையின் போனுக்காகக் காத்திருக்கும் தாய்க்காக என்று ஜெபித்துப் பாருங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், வாரத்தில் கண்ணைத் திறந்து பார்த்திருந்தாலே போதும்.

நோட்டில் இப்போது கடைசிப் பக்கத்தில் இருப்பது ஒரு சுவர்க் கடிகாரம். ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனபோது பார்த்தது, அது ஏன் நின்றே கிடக்கிறது என்று அந்த வீட்டம்மா ஒரு காரணம் சொன்னார். அதற்கு வசனம் கிடைத்துவிட்டது. அவரிடம்தான் இன்னும் கேட்கவில்லை.